கத்தரிக் குடும்பத்து மரம்

மரம் ஏறி விதையும் பூவும் பறித்துத் தருவது அவள் வீட்டுக்காரர் வேலை. கீழே நின்று கயிற்றைப் பிடிப்பது அவள் வேலை. தாவர ஆராய்ச்சி நிலையத்தில் இருவருக்கும் அதுதான் பிழைப்பு. வானத்தை முட்டும் மரத்திலிருந்தெல்லாம் விழாத மனுஷன், வீட்டில் பல்பு மாட்ட முக்காலியில் ஏறி, விழுந்து காலை முறித்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் காட்டில் அந்த மரம் பூத்தது. கத்தரிச் செடிக்குச் சொந்தம், ஆனால் நாலு மாடி உயரம். நிலையத்தில் அதன் இலை மட்டும்தான் இருந்தது; பூவைப் பார்க்காமல் இன்ன மரம் என்று சொல்ல முடியவில்லை. உச்சியில் பூப்பது தரைக்கு வருவதற்குள் மழையில் அழுகிவிடும். ஆராய்ச்சியாளர் அம்மா கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"நான் ஏறட்டுமா மேடம்?" என்று கேட்டுவிட்டாள்.

வீட்டில் சொன்னதும் அவருக்குச் சுருக்கென்றது. "தோட்டத்துல கத்தரிக்காய் பறிக்கிறதுன்னு நினைச்சியா?"

"அதுக்குச் சொந்தம்தானே, பறிச்சாப் போச்சு."

சிரிப்பார் என்று நினைத்தாள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஆனால் விடிந்ததும் கட்டுப்போட்ட காலை நீட்டி, ஜீப்புக்காக வாசலில் உட்கார்ந்திருந்தார். "வேற எவன் கையிலயும் உன் கயிறைக் கொடுக்க மாட்டேன். கால்தான போச்சு, கை இருக்குல்ல?"

பாதி உயரத்தில் கிளையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டாள். கீழே பார்த்தாள், தலை சுற்றியது. "முடியலைங்க, இறக்கிவிடுங்க!"

இறக்கிவிட்டிருக்கலாம். ஏறுகிறவர் என்ற பெயர் அவருக்கே மிஞ்சியிருக்கும். அது அவளுக்கும் தெரியும். ஆனால் இடுப்பில் கயிறு இறுகியது.

"பதறாத. மூச்சை நல்லா இழுத்து விடு. வலது பக்கம் கிளை பிரியுற கவை இருக்கு பாரு, அதுல காலை வை. நான் பிடிச்சிருக்கேன்."

காலை வைத்தாள். அழுகை வந்தது, அழுதுகொண்டே ஏறினாள். உச்சியில் வெயில் பட்ட இடமெல்லாம் சின்னச் சின்ன ஊதாப் பூக்கள், நடுவில் மஞ்சள். அசல் கத்தரிப் பூ! கிளையோடு வெட்டிப் பையில் இறக்கினாள்.

அது புது மரம் இல்லை, எங்கோ ஒருமுறை யாரோ எழுதி வைத்ததுதான் என்று பிறகு தெரிந்தது. ஆராய்ச்சியாளர் அம்மாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

வீட்டுக்காரர் கால் பழையபடி மடங்கவே இல்லை. ஏறும் வேலையை நிலையம் அவளுக்கே கொடுத்தது. "என்னப்பா, வீட்டுல அவங்க மேல, நீ கீழயாமே?" என்று பக்கத்து வீட்டுக்காரர் சீண்டியபோது அவர் முகம் வாடியது. அன்று சாப்பிடவில்லை. மறுநாள் கயிற்றை அவரே உதறிச் சுருட்டி, அறுந்த இழை இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, ஜீப்பில் ஏற்றினார்.