பலகையில் என் போட்டோ

எங்கள் பனியன் கம்பெனியில் பெண்கள் புகார் சொல்ல ஒரு கமிட்டி உண்டு. அதில் நானும் ஒருத்தி. ஒருமுறை, பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர் ஆடிட்டுக்கு வருகிறார் என்று, ஓவர்லாக் மெஷினில் இருந்த என்னை எழுப்பிப் போட்டோ எடுத்து, சாப்பாட்டுக் கூடத்துப் பலகையில் டீ நேர அறிவிப்புக்குப் பக்கத்தில் 'புகார் கமிட்டி' என்று போட்டு ஒட்டினார்கள். மாதாமாதம் ஆபீசிலிருந்து ஒரு நோட்டு வரும். 'கூட்டம் நடந்தது. புகார் ஏதும் இல்லை' என்று எழுதியே வரும். தைத்தபடியே கையெழுத்துப் போட்டுவிடுவேன். கூட்டம் எங்கே நடந்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

போன ஆடியில், தேனிப் பக்கமிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்த பெண் ஒருத்தி, கை கழுவும் இடத்தில் என்னை மடக்கினாள்.

"அக்கா, போர்டுல இருக்கது நீங்கதான? லைன் சூப்பர்வைசர் பின்னாடி வந்து நின்னுக்கிட்டு மேல உரசுறாருக்கா. வெளிய சொன்னா வேலைய விட்டுத் தூக்கிருவேங்கிறாரு. ஊருக்குப் போனா எனக்குக் கல்யாணத்தப் பண்ணி வச்சிருவாங்கக்கா."

அந்தப் பலகையை நம்பி ஒருத்தி வருவாள் என்று நான் நினைத்ததே இல்லை. "நான் பாத்துக்கறேன் கண்ணு" என்று சொல்லிவிட்டேன். என்னத்தைப் பார்ப்பது?

மறுநாளே நோட்டு வந்தது. மேனேஜரே கொண்டுவந்தார். கமிட்டியில் மற்ற நான்கு பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். இரண்டு மெஷின் தள்ளி நின்று சூப்பர்வைசர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தாள்.

"புகார் இல்லைன்னு போட்டிருக்குதுங்க. புகார் இருக்குதுங்க" என்றேன்.

"ஏனுங்க, நாளைக்கு ஆடிட்டுங்க. உங்களுக்கு எதுக்குங்க இந்த வம்பு? போட்டுக் குடுங்க" என்றார் மேனேஜர்.

மரியாதைக்கு ஒன்றும் குறைச்சலில்லை. அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கூட்டத்தக் கூட்டுங்க, போடறேன். இல்லீன்னா நாளைக்கு அந்த ஆடிட்டர்கிட்டயே சொல்றேனுங்க."

அன்று மதியம் முதல்முறையாகக் கூட்டம் நடந்தது. அந்தப் பெண் உட்கார்ந்து அழாமல் சொன்னாள். சாயங்காலமே சூப்பர்வைசரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள்.

கையெழுத்துப் போட நோட்டை வாங்கியவள் பழைய பக்கங்களைப் புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் என் கையெழுத்து. தை மாதத்திலும் இருந்தது. அந்த மாதம்தான் அதே லைனில் இருந்த இன்னொரு பெண் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டு நின்றுபோனாள். அதற்கு முந்தின நாள், சாப்பாட்டுத் தட்டோடு அந்தப் பலகை முன்னால் அவள் வெகுநேரம் நின்றிருந்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். டீ நேரம் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டு நான் சாப்பிட்டேன்.