மேய்ச்சல் என்ற சொல் வெளியே வந்த கதை

ஒருவருடைய போனை நோண்டி, அதிலிருந்த படத்தை ஊருக்கே காட்டினால் அதை 'மேய்ச்சல்' என்று இப்போது எல்லாரும் சொல்கிறார்கள். கல்லூரிப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடித்ததாகப் பீற்றிக்கொள்கிறார்கள். கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதை வெளியே கொண்டுவந்தவள் என் அக்கா.

அக்கா பதினோரு வருஷமாகப் போன் ரிப்பேர் பார்க்கிறாள். கடுகளவு ஸ்குருவைக்கூடக் கண்ணாடி போடாமல் கழற்றிவிடுவாள். கடைசி இரண்டு வருஷம் அவள் வேலை பார்த்த கடையில் இன்னும் இரண்டு ஆண்கள் இருந்தார்கள். டிஸ்ப்ளே மாற்றினால் போனைத் திறந்து சோதிக்க வேண்டும். அதனால் லாக் நம்பரைத் துண்டுச் சீட்டில் எழுதிப் போனின் முதுகில் ஒட்டுவது கடை வழக்கம். கொடுத்தவர் தலை மறைந்ததும் அந்த இருவரும் கேலரியைத் திறப்பார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர்தான் மேய்ச்சல். அக்கா காதில் விழாததுபோல் இருந்துவிடுவாள்.

ஒரு நாள் ஒரு நர்ஸ் வந்தாள். அங்கே ரிப்பேருக்குக் கொடுத்த போனிலிருந்த அவளுடைய படம், நம்பரோடு ஏதோ குரூப்பில் சுற்றிக்கொண்டிருந்தது. கண்டவனெல்லாம் அழைக்கிறான், ஆஸ்பத்திரியில் வேலையை விட்டுப் போகச் சொல்கிறார்கள் என்று அழுதாள். அவளே யாருக்காவது அனுப்பியிருப்பாள் என்றார் முதலாளி, நாக்கூசாமல். அக்கா எழுந்துவிட்டாள்.

"இங்கதான் எடுத்தாங்க. வாம்மா, ஸ்டேஷன்ல வந்து நானே சொல்றேன்."

அத்தோடு அவள் வேலை போயிற்று. விஷயம் தெரிந்து நானும் ஸ்டேஷனுக்கு ஓடினேன்.

புகார் எழுதிய போலீஸ்காரர் அரை நம்பிக்கையோடு, மேய்ச்சல் என்றால் என்ன என்று கேட்டார். அக்கா ஒட்டுச்சீட்டில் தொடங்கி, யார் திறப்பார்கள், எங்கே அனுப்புவார்கள் என்பதுவரை ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் பேனாவை மூடப் போனார்.

"இன்னும் முடியலை சார். ரெண்டு வருஷமா நானும் பாத்துக்கிட்டுச் சும்மாதான் இருந்தேன். அதையும் எழுதிக்குங்க."

நர்ஸ் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். எனக்குப் பயமாகவும் இருந்தது, நெஞ்சும் நிறைந்தது. அவர் எழுதியதை அக்கா படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள்.

அந்தப் புகாரின் நகல் ஆஸ்பத்திரிக்குப் போனது. அங்கிருந்த நர்ஸுகள் வாய்வழியாகத்தான் அந்தச் சொல் ஊரெல்லாம் பரவியது. ஆஸ்பத்திரி மேலதிகாரி புகாரின் கடைசி வரியை இரண்டு முறை படித்தாராம். தன் தப்பையே மறைக்காதவள் அடுத்தவர் மேல் பொய் சொல்லமாட்டாள் என்று சொல்லிவிட்டு, நர்ஸை வார்டுக்குத் திரும்பப் போகச் சொன்னாராம்.