அக்காவைக் கூட்டிவரப் போன ஜட்ஜ் ஐயா

ஜூலியஸ் கோப்ளென்சர் ஜெர்மனியில் பிரெஸ்லாவ் ஊரில் நீதிபதியாக இருந்தவர். லண்டனில் பித்தான் ஆலையில், பித்தானுக்கு நாலு ஓட்டை சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கிற வேலை. ஆனாலும் ஃபின்ச்லி சாலை விடுதியில், நாஜிகளிடமிருந்து தப்பி வந்த யூதர்களான எங்களுக்கு அவர் ஜட்ஜ் ஐயாதான். கக்கூஸ் வரிசையில் நிற்கும்போதுகூட, "நீங்க முதல்ல போங்க ஜட்ஜ் ஐயா" என்போம். எங்கள் ஆட்களுக்கு நாடு போனாலும் பட்டம் போகாது. நான் தையல்காரி. அதனால் வெறும் லிண்டாவ் அம்மா.

யுத்த நாளில், வீதியில் ஜெர்மன் பேச வேண்டாம் என்று எங்களுக்கு அச்சடித்த தாள் கொடுத்தார்கள். நாங்கள் வீதியில் அடங்கிக் கிடந்துவிட்டு அறைக்குள் வந்து கொட்டித் தீர்ப்போம். இவர் மட்டும் சட்டம் என்றால் சட்டம் என்று அறைக்குள்ளும் பேசவில்லை. யுத்தம் முடிந்து மூன்று வருடமாகியும் பேசவில்லை. எல்லாம் ஆங்கிலம், அதுவும் தீர்ப்பு வாசிப்பது போல. பால்காரன் அவரைக் கண்டாலே பயப்படுவான்.

நாற்பத்தெட்டில் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கைக்கு வந்தது. உடனே ஆம்ஸ்டர்டாம் போய் அக்கா மெட்டாவைக் கூட்டிவருவேன் என்று கிளம்பினார். குடும்பத்தில் மிச்சம் அவள் ஒருத்திதான். சின்ன வயதிலேயே அந்த ஊரில் வாழ்க்கைப்பட்டவள். நாஜிகள் அந்த ஊரையும் பிடித்தபோது புருஷனைப் பறிகொடுத்து, ஒரு ரொட்டிக்கடைக்காரர் வீட்டில் சுவருக்குப் பின்னால் இரண்டு வருடம் ஒளிந்து பிழைத்தவள். விடுதியில் தன் பக்கத்து அறையை அவளுக்கென்று பேசி முடித்திருந்தார். கண் மங்கல் என்பதால் துணைக்கு என்னைக் கூப்பிட்டார்.

ஆம்ஸ்டர்டாம் ரயிலடியில் மெட்டா நின்றாள். பத்து வருடம் கழித்துப் பார்க்கிற கூடப்பிறந்தவளிடம் இந்த மனிதர் தொப்பியைத் தூக்கி, ஆங்கிலத்தில், "சௌக்கியமா இருக்கீங்களா?" என்றார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அவள் டச்சில் ஏதோ சொன்னாள். இவருக்கு டச்சு தெரியாது, அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. சரி, நடுவில் நாம் சொல்லிவிடுவோம் என்று நான் ஜெர்மனில் ஆரம்பித்தேன். மெட்டா என் வாயைப் பொத்திவிட்டாள். இனி அந்த மொழியே பேசுவதில்லை என்று சுவருக்குப் பின்னால் இருந்தபோதே சபதம் செய்துகொண்டாளாம். ரொட்டிக்கடைக்காரரின் மனைவி அப்புறம் எனக்குத் தனியாக, அரைகுறை ஜெர்மனில் சொன்னாள்.

அந்த ரொட்டிக்கடைக்காரர் வீட்டிலேயே தங்கி இரண்டு நாள் காப்பி குடித்தோம். அவர் ஆங்கிலத்தில் லண்டன் புராணம் படிப்பார். அவள் டச்சில் பதில் சொல்வாள், சிரிப்பாள், திடீரென்று அடுக்களைக்குப் போய்விடுவாள். எது சம்மதம், எது மறுப்பு, ஒன்றும் பிடிபடவில்லை.

"வராளா, வரலையா?" என்று அவர் என்னை அரித்தெடுத்தார்.

"எனக்கென்ன தெரியும் ஜட்ஜ் ஐயா? நம்ம பேச்சுல ஒரு வார்த்த நீங்களே கேளுங்களேன்."

"அவதான் சபதம் எடுத்திருக்காளே."

"அவளுக்கு ஒரு காரணம் இருக்கு. உங்களுக்கு?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மூன்றாம் நாள் காலை ரொட்டி அறுத்துக்கொண்டிருந்த மெட்டா கத்தியை மேசைமேல் வைத்தாள். ஜெர்மனில் கேட்டாள். "அம்மாவ ஏண்டா விட்டுட்டு வந்தே?"

அவர்களுடைய தாயை நாற்பத்திரண்டில் பிரெஸ்லாவிலிருந்து ரயிலேற்றி நாஜி முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அவள் திரும்பவில்லை.

அவர் முகம் வெளுத்துவிட்டது. பதிலும் ஜெர்மனில்தான் வந்தது. "விசா ஒருத்தருக்குத்தான் வந்துதுக்கா. நீ போடான்னு அம்மா சொன்னா." கொஞ்சம் நிறுத்தினார். "ரெண்டாந்தரம் சொல்லட்டும்னு நான் காத்துக்கிட்டு இருக்கல."

மெட்டா அவரை அடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் அழுதாள். அவரும் அழுதார். பிறகு இரண்டு பேரும் பேசத் தொடங்கினார்கள். அடேயப்பா, என்ன பேச்சு! பழைய சமையற்காரி, மாடிப்படியில் விழுந்து பல் உடைந்தது, யார் யாரைக் கிள்ளினார்கள், எல்லாம் வந்தது. நான் ஒருத்தி இருப்பதையே மறந்துவிட்டார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இனி எங்கே போகிறாள், நம்மோடுதான் வருகிறாள் என்று முடிவே கட்டிவிட்டேன்.

மத்தியானம் ரயிலடிக்கு அவள் வெறுங்கையோடு வந்தாள்.

"பெட்டி எங்கக்கா?"

"நான் வரலடா."

"இப்பதான எல்லாம் பேசினோம்!"

"அதனாலதான் வரல. நீ வாயத் தொறந்தா அம்மா குரல் வருது. அதே இழுப்பு. மூணு மணி நேரம் கேட்டேன், ஆசையாத்தான் இருந்துது. தெனம் கேட்டா செத்துப்போவேன்."

அவர் கன்னத்தை ஒருமுறை தடவிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

ரயில் கிளம்பியது. பிறகு, அத்தனை டச்சுக்காரர்கள் நடுவில், உரக்க ஜெர்மனில் என்னைக் கேட்டார். எல்லோரும் முறைத்தார்கள்.

"எங்கம்மா குரலா எனக்கு? நீங்க சொல்லுங்க, அப்படியா இருக்கு?"

நான் என்ன சொல்வேன்? அந்த அம்மாளை நான் பார்த்ததே கிடையாது.