எழுப்பக்கூடாத தூக்கம்

தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய எங்கள் சாம்பியன் ரீப்ஸ் லைன் வீடுகளில் ஒரு சட்டம் உண்டு. நைட் ஷிப்ட் முடித்து வந்து படுத்தவனை யாரும் எழுப்பக்கூடாது. சுரங்கத்தை மூடினார்கள், இந்தப் பாழாய்ப்போன சட்டத்தை மூட ஒருவரும் இல்லை.

என் அண்ணன் பெங்களூரில் இரவுக் காவல் வேலை பார்த்தான். பல நாளாகத் தலைவலி என்றவன், ஒரு காலை ரயிலில் வந்து படுத்து, சாயங்காலமாகியும் எழவில்லை. அண்ணி போன் செய்ததும் பக்கத்து லைனான கோரமண்டலிலிருந்து ஓடினேன். பக்கத்து வீட்டம்மா வாசலிலேயே என்னை மறித்தாள்.

"ஷிப்ட்டு பாத்துட்டு வந்த மன்சன எழுப்பாதமா. ராவுல கொஞ்சம் ஏத்தினு இருப்பான்."

குடியை மோந்துகூடப் பார்க்காதவன் அவன்! தள்ளிவிட்டு உள்ளே போய் உலுக்கினேன். கண்ணைத் திறந்து, "அம்மா, கேஜ் வந்துச்சா?" என்றான். எங்கள் அம்மா செத்துப்போய் வருடங்கள் ஆகின்றன. சுரங்கத்துக்குள் இறக்கிவிடும் அந்தக் கூண்டில் அப்பாதான் போனார், இவன் ஒருநாளும் ஏறியதில்லை.

ஆட்டோவில் போட்டுப் பக்கத்து கிளினிக்குக்குக் கொண்டுபோனோம். அவனுக்கு எச்.ஐ.வி. இருப்பதையும், மாத்திரையைப் பாதியில் விட்டதையும் அண்ணி மெல்லச் சொன்னாள். அதுவரை நாடி பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் கையை எடுத்துக்கொண்டார்.

"இந்த நோய் முத்தினா மூளை இப்படித்தான் கலங்கும். வீட்ல வெச்சிப் பாத்துக்கோங்க."

மனிதன் உயிரோடு இருக்கிறான், அதற்குள் வழியனுப்பி வைக்கிறாரே! வாடகைக் கார் பிடித்து பெங்களூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே ஒரு லேடி டாக்டர் அவன் முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்தார். "மூளையைச் சுத்தியிருக்கிற சவ்வுல பூஞ்சைக் கிருமி. தலைக்குள்ள நீரோட அழுத்தம் ஏறி மூளை, கண்ணு நரம்புன்னு எல்லாத்தையும் அமுக்குது, அதான் மயக்கமும் உளறலும். மருந்து குடுத்து, நீரையும் எடுத்தா தெளிவு வரலாம். இதையா இவ்ளோ நாள் கவனிக்காம வெச்சிருந்தீங்க?"

அந்த கிளினிக் டாக்டரையும் எங்கள் தெருவையும் சேர்த்து நிற்கவைத்து அறைய வேண்டும்போல் இருந்தது.

திரும்பத் திரும்ப நீர் எடுத்தார்கள். ஒருநாள் என் குரல் கேட்டதும், "நீ எப்ப வந்த புள்ள?" என்று தெளிவாகக் கேட்டான். அண்ணி அழுதுவிட்டாள். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னா, கரண்டு பூட்ச்சா? லைட்டப் போடு," என்றான்.

ஜன்னலோரக் கட்டில் அது. காலை வெயில் நேராக அவன் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது.