ஆயிரத்து அறுநூறு வாக்கியங்கள்

எங்கள் தீவில் அஸ்கரைத் தெரியாதவர்கள் இல்லை. முப்பத்தோரு வருடம் படகுத் துறையில் நின்று, ஏறுகிற கார்களுக்குக் கை காட்டி இடம் ஒதுக்கியவர். ஓய்வு பெற்ற பிறகு வாசலில் ஒரு பலகை போட்டு உருளைக்கிழங்கு விற்றார். விற்றார் என்று சொல்வதுகூடத் தப்பு. பைகளை அடுக்கி, காசு போட ஒரு தகர டப்பாவை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். டப்பாவுக்குப் பூட்டு கிடையாது. பூட்டு போட்டால் வருகிறவர்களைத் திருடர்கள் என்று சொன்னதாகிவிடும் என்பது அவர் கட்சி. டென்மார்க்கில் பாதிப் பேர் இப்படித்தான் விற்கிறார்கள். அஸ்கருக்கு மட்டும் அது கோயில் காரியம் மாதிரி.

அவர் மனைவி போடில் வாய் ஓயாதவள். ரொட்டிக் கடையில் வேலை. ரொட்டி தேவைப்படாதவர்கள்கூட அவளிடம் நாலு பேச்சு வாங்கிக் கட்டிக்கொள்ள வருவார்கள். கணவரை அவள் பெயர் சொல்லி அழைத்து யாரும் கேட்டதில்லை. அவருக்கு முப்பது வயதிலேயே "கிழவா"தான்.

போன ஆண்டு ஜூலையில் அவளுக்கு நாக்குக் குழறத் தொடங்கியது. நரம்பில் நோய், மருந்தில்லை, முதலில் பேச்சுப் போகும் என்றார் டாக்டர். அதற்குள் குரலைப் பதிந்து வைத்தால், பின்னால் அவள் திரையில் எழுத்துகளைக் கண்ணால் தொட்டுக் காட்டக் காட்ட, கணினி அவள் குரலிலேயே பேசுமாம். அதற்கான மென்பொருளை அரசே தரும். ஆனால் பதினான்கு வாரம் ஆகும். போடிலின் நாக்கு அத்தனை நாள் பொறுக்கிற மாதிரி தெரியவில்லை.

அஸ்கர் இணையச் சந்தையில் தேடினார். ஒருவன் பாதி விலைக்குத் தருவதாகப் போட்டிருந்தான். பெயருக்குக் கீழே ஐந்து நட்சத்திரம், ஆயிரக்கணக்கில் பாராட்டு.

மகள் சிக்னெ நகரத்திலிருந்து போனில் கேட்டாள். "யாருப்பா இவன்? எந்த ஊர்க்காரன்?"

"இத்தனை பேர் நல்லவன்னு எழுதியிருக்காங்க. அத்தனை பேருமா பொய் சொல்லுவாங்க?"

பணம் கட்டிய பத்தே நிமிடத்தில், மென்பொருளைத் திறக்கும் சாவி எண் மின்னஞ்சலில் வந்தது. அஸ்கர் அவனுக்கு ஐந்து நட்சத்திரம் போட்டு, நன்றியும் எழுதினார். அப்பாவி மனுஷர்.

தினமும் காலைக் காபி முடிந்ததும் சமையலறை மேசையில் பதிவு நடந்தது. திரையில் வரும் வாக்கியங்களைப் போடில் ஒவ்வொன்றாக வாசிக்க வேண்டும். 'இன்று வானம் தெளிவாக இருக்கிறது' என்று திரையில் வந்தால், "இதை எழுதினவன் நம்ம தீவுப் பக்கமே வந்ததில்ல போல" என்பாள் போடில். பட்டியல் தீர்ந்ததும் சொந்தமாகச் சேர்த்தாள். கிழவா, செருப்பைக் கழட்டு. கிழவா, காபி ஆறுது. மொத்தம் ஆயிரத்து அறுநூறு. கடைசி நூறைச் சொல்லி முடிக்க அவளுக்கு இரண்டு வாரம் பிடித்தது.

நவம்பரில் பேச்சு நின்றது. கணினி பேசத் தொடங்கியது. "கிழவா, அந்தச் சட்டையைக் கொளுத்து" என்று அவள் குரல் அப்படியே வந்தபோது, அஸ்கர் தட்டைக் கையில் பிடித்தபடி சிரித்தார், அழுதார்.

ஜனவரியில் ஒரு காலை, போடில் 'வணக்கம் கிழவா'வைக் கண்ணால் தொட்டாள். யாரோ ஒரு பெண் அயல்மொழியில் என்னவோ சொன்னாள். அவளுக்கும் நாக்குக் குழறியது. போடில் பயந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

சிக்னெ விசாரித்துச் சொன்னாள். "ஏமாந்துட்டோம்பா. அது போலி. ஒரே சாவியை நூத்துக்கணக்கான பேருக்கு வித்திருக்கான். எல்லார் குரலும் ஒரே கணக்குல போய் விழுது. அம்மாவோடது இன்னும் முக்கால்வாசி இருக்கு. சனிக்கிழமை வந்து நான் பிரதி எடுத்துடறேன். அதுவரைக்கும் யார்கிட்டயும் வாயைத் திறக்காத."

"திருட்டுச் சாமான்னு தெரிஞ்சும் சனிக்கிழமை வரைக்கும் வச்சிருக்கறதா? அந்தப் பொண்ணு குரலும் இதுல மாட்டிக்கிட்டு இருக்கே!"

"அப்பா, தயவுசெஞ்சு…"

அன்று மதியமே மென்பொருள் நிறுவனத்துக்கு எழுதினார். தன் பெயர், முகவரி, சாவி எண், விற்றவனின் பக்கம், எதையும் மறைக்கவில்லை. குரல்களை உரியவர்களிடம் சேர்த்துவிடும்படியும் கேட்டிருந்தார். வியாழக்கிழமை பதில் வந்தது. நேர்மைக்கு நன்றி. போலிக் கணக்கு அழிக்கப்பட்டது. அதிலிருந்த எதையும் இனி மீட்க முடியாது.

சனிக்கிழமை வந்த சிக்னெ அப்பாவோடு பேசவில்லை. அம்மாவின் தலையை வாரிவிட்டுக் கடைசிப் படகைப் பிடித்தாள். அஸ்கர் அன்று தகர டப்பாவை எடுத்து உள்ளே வைத்தார். உருளைக்கிழங்கு வெளியே கிடந்து உறைந்தது. விற்றவனை ஊரே சபித்தது. அஸ்கருக்கோ தன் மேல்தான் கோபம்.

சொன்ன பதினான்கு வாரமும் தாண்டி, பிப்ரவரியில்தான் அரசுக் கருவி வந்தது. உள்ளே நான்கு பெண் குரல்கள், எல்லாம் செய்தி வாசிக்கிறவர்கள் மாதிரி. போடில் நான்கிலும் "கிழவா" சொல்லிப் பார்த்தாள். பிறகு ஒலியை அணைத்துவிட்டாள். அன்றிலிருந்து அவள் எழுதுவாள், அஸ்கர் திரையைப் பார்த்து உரக்க வாசிப்பார்.

"கிழவா, சூப்ல உப்பில்ல." வாசித்துவிட்டு உப்பு எடுக்கப் போவார். "கிழவா, உன்னை மாதிரி முட்டாள் இந்தத் தீவுல கிடையாது." அதையும் ஒரு எழுத்து விடாமல் வாசித்தார்.

மார்ச்சில் ஒரு நாள் அவள் வெகுநேரம் எழுதினாள். அஸ்கர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

'டப்பாவை வெளியே வை. நீ அன்னைக்கு அந்தக் கம்பெனிக்கு எழுதாம இருந்திருந்தா, நான் வேற யாரையோ கட்டிக்கிட்டேன்னு ஆயிருக்கும்.'

அவர் வாயைத் திறந்தார். அதை மட்டும் அவரால் உரக்க வாசிக்க முடியவில்லை.