இட்லிக்குப் போன இரண்டாம் பாகம்

தாராவியில் எங்கள் வீட்டுக்கு இங்கிலீஷ் புத்தகங்கள் எடைபோட்டுத்தான் வந்தன. அப்பா சைக்கிளில் இட்லி கொண்டுபோய் மாதுங்காவில் விற்பவர். விடியும் முன்பே ஹாரனை அமுக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். இட்லி வைத்துக் கொடுக்கக் காகிதம் வேண்டும். செய்தித்தாள் மை இட்லியில் ஒட்டுகிறது என்று மாதுங்காக்காரர்கள் முகம் சுளித்த பிறகு, பழைய பேப்பர் கடையிலிருந்து புத்தகங்களை மூட்டையாக வாங்கிவரத் தொடங்கினார். அம்மா அவற்றைத் தாள் தாளாகக் கிழித்து அடுக்கி வைப்பாள்.

அந்த மூட்டைக்குள்தான் எனக்கு மந்திரவாதிகளும் டிராகன்களும் கிடைத்தார்கள். படிப்பில் நான் சுமார்தான். ஆனால் கோட்டை, வாள், சாபம் என்று வந்துவிட்டால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம், படித்து முடித்ததும் அது இட்லிக்குப் போய்விட வேண்டும் என்பதுதான் வீட்டு ஒப்பந்தம். கால் நீட்டிப் படுக்கவே இடமில்லாத வீட்டில் நூலகமா வைக்க முடியும்?

எது முடிந்தது, எது முடியவில்லை என்று அம்மாவுக்குத் தெரிய வேண்டுமே. அவளுக்கு இங்கிலீஷில் ஒரு எழுத்தும் தெரியாது. அதனால் பீரோவின் பக்கவாட்டில் சாக்பீஸால் ஒரு பட்டியல் எழுதி வைத்தேன். அட்டையில் பெயர் எப்படி இருக்கிறதோ, வளைவு நெளிவு மாறாமல் அப்படியே வரைவேன். முடித்ததும் பக்கத்தில் ஒரு டிக். அம்மா புத்தகத்தைப் பீரோவுக்கு நேரே பிடித்து, புடவைக்கு ஜாக்கெட் துணி எடுக்கிற மாதிரி ஒத்துப் பார்ப்பாள். டிக் இருந்தால்தான் கிழிப்பாள். பட்டியல் நீண்டுகொண்டே போனது, எனக்கோ தலைகால் புரியாத பெருமை.

ஆறாவது படிக்கும்போது ஒரு தொடரின் முதல் பாகம் கிடைத்தது. டிராகன் முட்டை ஒன்றைக் காப்பாற்ற ஊர் ஊராக ஓடுகிற ஒரு பெண்ணின் கதை. அவளுக்கும் என் வயதுதான். அம்மா மாவாட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து கதையைச் சொல்வேன். கிரைண்டர் சத்தத்தில் அவள் "ம்" கொட்டுவாள். கேட்கிறாளா, மாவைப் பார்க்கிறாளா என்று சொல்ல முடியாது. முடித்து டிக் போட்டேன். புத்தகம் இட்லிக்குப் போனது.

என் அதிர்ஷ்டம், சில மாதம் கழித்து இன்னொரு மூட்டையில் இரண்டாம் பாகமே வந்தது. விழுந்து விழுந்து படித்தேன். பாதிக் கதையில் எதிரிகள் அந்தப் பெண்ணைப் பாழுங்கிணற்றில் தள்ளி, மேலே கல்லைப் போட்டு மூடிவிட்டார்கள். அம்மா விளக்கை அணைத்துவிட்டாள். மூச்சு முட்ட முட்டத் தூங்கிப்போனேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. எழுந்து தலைமாட்டைத் தடவினால் புத்தகம் இல்லை. அட்டை மட்டும் அடுப்படியில் கிடந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அந்தப் புள்ள இன்னும் கெணத்துக்குள்ளயே கெடக்கா!" என்று நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அம்மா பீரோவைக் காட்டினாள். "ஏட்டி, நீதான டிக்கு போட்டிருக்க? எழுத்து ஒண்ணுகூட மாறலயே!"

மாறவில்லைதான். இந்த மாதிரித் தொடர்களில் எல்லாப் பாகத்துக்கும் அதே பெயர்தான் பெரிதாக இருக்கும். பாகத்தின் எண் மூலையில் பொடியாக இருக்கும். அந்த 2-ஐ விரலால் குத்திக் காட்டினேன்.

"அது ரெண்டு ரூவான்னு பேப்பர்காரன் போட்டதுன்னுல்லா நெனச்சேன்!" என்ற அம்மா வாயில் கைவைத்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அப்பா காலிப் பாத்திரத்தோடு திரும்பினார். விஷயத்தைக் கேட்டதும் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, என்னைக் கேரியரில் ஏற்றிக்கொண்டு மறுபடியும் மாதுங்காவுக்கு மிதித்தார். ஒவ்வொரு வீடாக, "காலையில இட்லி குடுத்த பேப்பரு இருக்கா சார்?" என்று கேட்டார். ஒரு மாமா, "என்னப்பா இது, இட்லியைக் குடுத்துட்டு இலையைத் திருப்பிக் கேக்கறே!" என்று சிரித்தார். அப்பாவும் சிரித்தார். எனக்கு மானம் போயிற்று. கடைசியில் ஒரு வாட்ச்மேன் குப்பைத் தொட்டியிலிருந்து ஒரு தாளை எடுத்து, "யே லோ அண்ணா" என்று நீட்டினார். சட்னி படிந்த அந்தப் பக்கத்தில் இரண்டு கிழவர்கள் குதிரைக்கு லாடம் அடிப்பது பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"இது போதுமா தாயி?" என்றார் அப்பா. நான் சாலையிலேயே அழுதேன்.

அன்று சாயங்காலம் அம்மா தானாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "கிழிக்கையில கடைசித் தாளுல ஒரு படம் பாத்தேன். அந்தப் புள்ள கெணத்து மேட்டுல உக்காந்து தல தொவட்டிக்கிட்டு இருந்தா. மடியில ரெக்க வச்ச குட்டி ஒண்ணு."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பீரோவில் பெயரை மறுபடி எழுதி, இந்த முறை 2-ஐ எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் போட்டு, டிக் அடித்தேன்.

இப்போது நாங்கள் செம்பூரில் இருக்கிறோம். என் பட்டியல் செல்போனுக்குள் இருக்கிறது. போன மாதம் ஒரு நடைபாதைக் கடையில் அந்த இரண்டாம் பாகம் கண்ணில் பட்டது. நின்ற இடத்திலேயே கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். படம் இல்லை. எந்தப் பக்கத்திலும் படம் இல்லை. முட்டை பொரிகிறது. அந்தப் பெண் கிணற்றிலிருந்து வெளியே வரவே இல்லை. குட்டி மட்டும் பறந்துபோகிறது. ஜனம் இடித்துக்கொண்டு போவதுகூடத் தெரியாமல் பேயறைந்தது போல நின்றேன்.

வீட்டில் அம்மா அட்டையைப் பார்த்ததுமே எழுத்தை அடையாளம் கண்டுகொண்டாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி கிட்டே வந்தாள்.

"ஏட்டி, அந்தப் புள்ள மேல வந்துட்டாளா?"

அவள் முகத்தைப் பார்த்தேன். அன்று கிணற்றுக்குள் ஒரு பிள்ளையை விட்டுவிட்டு அழுதது நான் ஒருத்திதான் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

"வந்துட்டாம்மா" என்றேன்.

"நாந்தான் அன்னைக்கே சொன்னேம்லா" என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்படிக்குப் போனாள்.