பிரேக்கக்கா வீட்டுப் பிஞ்சுகள்

பேருந்தில் பயணியாக உட்கார்ந்திருக்கும்போதும் பிரேக்கக்காவின் வலது கால் சும்மா இருப்பதில்லை. எதிரே ஒரு சைக்கிள் குறுக்கிட்டால் போதும், செருப்போடு சேர்த்துத் தரையை ஓர் அழுத்து அழுத்தும். சினிமாவில் கார் துரத்தல் வந்தால் முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்ப்பார். அக்கா சிரித்து மழுப்பிவிட்டுக் காலை மடக்கி வைத்துக்கொள்வார். அடுத்த வளைவில் அது மறுபடியும் நீண்டுவிடும்.

அவர் கார் ஓட்டக் கற்றுத்தரும் ஆசிரியை. ஓட்டுநர் பள்ளியின் வெள்ளைக் காரில் அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஸ்டியரிங் வேறொருவர் கையில், உயிர் தம் காலில் என்று வாழ்ந்தவருக்கு அந்தப் பழக்கமும் பெயரும் ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை. கற்றுக்கொள்ள வருபவர்களில் வங்கி மேலாளர் உண்டு, பிரசவ வார்டு நர்ஸ் உண்டு, மீன் வியாபாரி உண்டு. முதல் நாள் எல்லாருக்கும் ஒரே நடுக்கம்தான். அக்காவின் முதல் பாடமும் எல்லாருக்கும் ஒன்றே: “பயப்படுங்க, தப்பில்ல. கண்ணை மட்டும் மூடிக்காதீங்க.” இரண்டாம் பாடம் கொஞ்சம் காரம்: “வண்டிக்கு மூளை கிடையாது. அதான் உங்களை உக்கார வெச்சிருக்கு.” கண்ணாடியை ஏற்றிவிட்டாலும் அந்தக் குரல் நடைபாதை வரை வரும். சாலையோரம் நிற்பவர்கள் தங்களைத்தான் சொல்கிறாரோ என்று ஒதுங்குவார்கள்.

வீட்டுப் படி ஏறினால் அந்தக் குரல் செருப்போடு வெளியிலேயே கழன்றுவிடும். வீட்டுக்காரர் ரொட்டி அடுமனையில் இரவு வேலை பார்க்கிறார். விடியும் நேரத்தில் காது மடலில் மாவும், முழங்கையில் தட்டு சுட்ட தழும்புமாக வந்து, கிடைத்ததைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் பிற்பகல்தான் எழுவார். அதுவரை வீட்டில் ஊசி விழுந்தாலும் குற்றம். அழைப்பு மணியின் ஒயரைக் கழற்றி எவ்வளவோ காலம் ஆகிறது. சமையல் எல்லாம் அவர் எழுந்த பிறகுதான். மகள் தும்மல் வந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்துத் தும்மப் பழகி வளர்ந்தவள். இப்போது வெளியூரில் வேலை. அங்கே கூட இருக்கும் பெண்கள், ‘நீ வர்றதும் தெரியல, போறதும் தெரியல’ என்கிறார்களாம். தொலைபேசியில் அதைச் சொல்லி அவள் சிரித்தபோது அக்காவும் சிரித்தார், சத்தமில்லாமல்.

பறவை வளர்க்கும் எண்ணமெல்லாம் அக்காவுக்கு இருந்ததில்லை. வங்கி மேலாளர் ரிவர்ஸ் எடுக்கப் பழகும்போது ஒரு கடையின் பெயர்ப்பலகையைச் சாய்த்துவிட்டார். மன்னிப்புக் கேட்க அக்கா உள்ளே போனார். அது வளர்ப்புப் பறவைக் கடை. கிளிகளின் கூச்சலுக்கு நடுவே, குழந்தைகளின் ரப்பர் பொம்மையை அழுத்தினால் வருமே, அதுபோல ஒரு ‘பீப், பீப்’ கேட்டது. கட்டைவிரல் அளவுக்கு ஒரு பறவை. சிவந்த அலகு, கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு, தொண்டையில் கறுப்பு வெள்ளைக் கோடுகள்.

என்ன பறவை என்று கேட்டார். கடைக்கார அம்மாள், “சீப்ரா பிஞ்ச்” என்றார்.

“பேருக்கேத்த பிஞ்சுதான்” என்றார் அக்கா. “அதுலயும் சீப்ராவா? ரோட்டுல அந்தக் கோட்டைக் கண்டா நான் நிறுத்தித்தானே ஆகணும்.”

ஒன்று போதும், ஒன்று என்றால் சத்தமும் பாதிதானே என்பது அக்காவின் கணக்கு. கடைக்கார அம்மாள் ஒப்பவில்லை. இது கூட்டத்துப் பறவை, ஒற்றையாக வைத்தால் ஏங்கியே போய்விடும் என்று சொல்லி, கன்னப் பொட்டு இல்லாத சாம்பல் நிறப் பெட்டை ஒன்றையும் எடுத்துக் காட்டினார். கூண்டு பார்க்கும்போதும் இருவருக்கும் ஒத்துவரவில்லை. அக்காவின் கண் கோபுரம் போல உயர்ந்து நின்ற ஓர் அழகான கூண்டின் மேல் போயிற்று. “இது லிப்ட்ல போற பறவை இல்லம்மா, ரோட்டுல போற பறவை. பக்கவாட்டுலதான் பறக்கும். நீளமானதா எடுங்க” என்றார் அம்மாள். அந்தப் பாஷை அக்காவுக்குச் சட்டென்று புரிந்தது. நீளக் கூண்டையே எடுத்தார்.

வீட்டுக்காரரிடம் அன்று மாலை கேட்டபோது, வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, “உனக்குப் பிடிச்சா வெச்சுக்கோ” என்றார். அவர் எதற்கும் அப்படித்தான் சொல்வார்.

புதிதாக வண்டி பழகுபவர் செய்யும் தவறுகள் அத்தனையையும் அக்கா கூண்டோடு செய்து பார்த்தார். முதலில் சமையலறையில் வைத்தார். அடுப்புப் புகையும், காய்ந்த வாணலியின் ஆவியும் அதுகளின் நெஞ்சுக்கு ஆகாது என்று கடைக்கார அம்மாள் தொலைபேசியிலேயே கடிந்தபின் மகளின் அறைக்கு மாற்றினார். தண்ணீர்க் கிண்ணத்துக்கு நேர் மேலே குச்சியைக் கட்டினார். எச்சமெல்லாம் தண்ணீருக்குள் விழுந்தது. கையில் பிடித்துக் கொஞ்சப் பார்த்தார். இரண்டும் கம்பியில் மோதிப் படபடத்ததைக் கண்டு, இதுகள் பார்க்கத்தான், தொட இல்லை என்று விட்டுவிட்டார். தினை போடும் கிண்ணத்தைப் பற்றி அம்மாள் சொன்னது மட்டும் முதல் நாளே மனதில் பதிந்துபோனது: “கிண்ணம் ரொம்பியிருக்கேன்னு நம்பாதீங்க. ஊதிப் பாருங்க. தின்னுட்டு உமியை அதுலயேதான் போடும்.” தினமும் வண்டிக் கண்ணாடியைத் துடைப்பதுபோல அக்கா தினமும் ஊதினார். உமி பறந்தது. மிச்சமிருந்த தினையின் மேல் புதுத் தினை விழுந்தது. ஆணுக்கு ‘ஹாரன்’ என்று பெயர் வைத்தார். பெட்டை நிறத்தாலேயே ‘சாம்பல்’ ஆயிற்று.

ஹாரனுக்கு வாய் ஓயாது. விடிந்தால் ஆரம்பிக்கும். விடிந்தால்தான் வீட்டுக்காரரும் வருவார். அக்கா ஒரு வழி கண்டுபிடித்தார். கனமான கறுப்புப் போர்வையை நாலாக மடித்துக் கூண்டின் மேல் போர்த்தினார். போர்த்திய மாத்திரத்தில் சத்தம் நின்றது. பிற்பகலில் அவர் எழுந்த பிறகு போர்வையை எடுப்பது, வெளிச்சம் மங்கும் வரை அதுகள் பாடட்டும் என்று விடுவது. “அதுங்களுக்கும் நைட் ஷிப்ட்னு வெச்சுக்கோங்களேன்” என்று வண்டி பழகும் நர்ஸிடம் பெருமையாகச் சொன்னார். இரவு வேலையின் அருமை தெரிந்த அந்த நர்ஸ் சிரிக்கவில்லை.

கொஞ்ச நாளில் ஹாரனின் பாட்டு இளைத்தது. அக்கா அதைப் பழக்கப்பட்டுவிட்டதாக எடுத்துக்கொண்டார். ஒரு நாள் நண்பகலில் பாடம் முடிந்து வந்தவர், பூனை நடையாக அறைக்குள் போய்ப் போர்வையின் ஓரத்தைத் தூக்கினார். சாம்பல் குச்சியில் இல்லை. கூண்டின் தரையில், இறகையெல்லாம் சிலிர்த்துக்கொண்டு, பஞ்சு உருண்டைபோல உட்கார்ந்திருந்தது. கண் பாதி மூடியிருந்தது. அக்காவின் கை பழக்கத்தில் கிண்ணத்தை எடுத்து ஊதியது. உமி பறக்கவில்லை. காலையில் போட்ட தினை போட்டபடியே இருந்தது.

கைபேசியோடு மாடிப்படிக்கு ஓடி, கதவைச் சாத்திக்கொண்டு கடைக்கார அம்மாளை அழைத்தார். கிசுகிசுத்தார். அம்மாளுக்குக் காதில் விழவில்லை, பின்னால் கிளிகள். சத்தமாகச் சொல்லும்படி கேட்டார். அக்கா வாயைக் கையால் பொத்திக்கொண்டு கொஞ்சம் கூட்டினார். மறுபடியும் கேட்கவில்லை. ஒருவழியாகப் போர்வை விஷயம் அம்மாளுக்குப் புரிந்தது.

“இருட்டுல அது எப்படிம்மா திங்கும்?” என்றார். “இம்மாத்தூண்டு உடம்பு. ஒரு பொழுது திங்கலைன்னாலே தாங்காது.”

வெளிச்சத்தில் வைக்க வேண்டும், இதமான சூடு காட்ட வேண்டும், தினையைக் காலடியில் தூவ வேண்டும், சாயங்காலத்துக்குள் கொத்தினால் பிழைக்கும் என்றார். கொத்தாவிட்டால் என்ன என்று அக்கா கேட்கவில்லை.

உள்ளே வந்து போர்வையை உருவி எறிந்தார். ஜன்னலைத் திறந்தார். வெயில் பட்டதும் ஹாரன், இணையைத் தேடியோ என்னவோ, இருந்த தெம்பை எல்லாம் கூட்டிக் கத்த ஆரம்பித்தது. அக்கா அதை அடக்கவில்லை. செருப்புப் பெட்டி ஒன்றில் துணி விரித்து, சாம்பலை அள்ளி வைத்தார். கையில் கனமே இல்லை. நெஞ்செலும்பு மட்டும் கத்தி முனைபோல விரலில் உறுத்தியது. வங்கி மேலாளருக்கு அன்று மாலைப் பாடம். வர இயலாது என்று செய்தி அனுப்பினார். காய்ச்சலில் கிடந்தபோதும் ரத்து செய்யாதவர்.

சத்தத்துக்கு வீட்டுக்காரர் எழுந்து வந்து அறை வாசலில் நின்றார். மனைவியின் முகத்தைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், கீழே கிடந்த போர்வையைப் பார்த்தார். தரையில் உட்கார்ந்தார். அக்கா வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைக்கப் போனபோது வாங்கி மணிக்கட்டின் உட்பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “கொதிக்குது. மாவு பொங்க வைக்கிற சூடு போதும்” என்று பச்சைத் தண்ணீர் கலந்து கொடுத்தார். இருவரும் பெட்டியின் இரு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். நல்ல வெளிச்சத்தில், அந்த நேரத்தில், அந்த அறையில் அவர்கள் சேர்ந்து உட்கார்ந்தது அதுவே முதல் தடவையாக இருக்கலாம்.

“எதுக்கு மூடி வெச்சே?” என்றார் அவர்.

“நீங்க தூங்கணுமே.”

“நான் கேட்டேனா?”

“கேட்டீங்க” என்றார் அக்கா.

எப்போது என்றார் அவர். அக்கா சொன்னார். மகள் கைக்குழந்தை. பாத்திர மூடி ஒன்று கை தவறி விழுந்தது. இவர் எழுந்து வந்து, ‘மனுஷன் தூங்கறதா, சாகறதா’ என்று கேட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். அவ்வளவுதான். வீட்டுக்காரர் நெற்றியைத் தடவிக்கொண்டு யோசித்தார். அவருக்கு அந்த மூடியும் நினைவில்லை, வார்த்தையும் நினைவில்லை. சொல்லியிருப்பார், புது வேலை, உடம்பு ராத்திரிக்குப் பழகாத காலம்.

“ஒரு தடவை சொன்னதுக்கா இத்தனை வருஷம்?”

“ரெண்டாவது தடவை சொல்ல விடலையே நான்” என்றார் அக்கா. “அதுக்குத்தான் இத்தனை வருஷம்.”

அது காரில் பேசும் குரல். சுவரில் பட்டுத் திரும்பியது. ஹாரன்கூட ஒரு கணம் வாயை மூடிற்று. வீட்டுக்காரர் மனைவியை, முன்பின் தெரியாத ஒருவர் வழி கேட்டது போலப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு ஒரு விஷயம் சொன்னார். அடுமனையில் மாவு பிசையும் யந்திரத்துக்குப் பக்கத்தில்தான் அவர் மூட்டைமேல் சாய்ந்து கண்ணயர்வாராம். அது போடும் இரைச்சலில் பக்கத்து ஆள் பேசுவது கேட்காதாம்.

“சொன்னதே இல்லையே” என்றார் அக்கா.

“நீ கேட்டதே இல்லையே” என்றார் அவர். அதில் குத்தல் இல்லை. இருந்தாலும் அக்கா அவர் பக்கம் திரும்பாமல் சாம்பலின் காலடியில் இன்னும் கொஞ்சம் தினையைத் தூவினார்.

வெயில் சாய்ந்து பெட்டியின் விளிம்புக்கு வந்தபோது உள்ளே ‘டிக்’ என்று ஒரு சத்தம். தினை உடையும் சத்தம். சாம்பல் தலையைக் குனிந்து இன்னொன்றைக் கொத்தியது. உமி ஒன்று அலகின் ஓரத்தில் ஒட்டியிருந்தது. வீட்டுக்காரர் மூச்சை அடக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார். அன்று அவர் மறுபடி தூங்காமலே வேலைக்குப் போனார். மறுநாள் விடியலில், பன்னெல்லாம் ஒரு சுற்று கருகிப்போனதாகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

சாம்பல் தேற வெகு நாளாயிற்று. கூண்டு கூடத்து ஜன்னலோரம் இடம் மாறியது, காற்று நேராக அடிக்காத மூலையாகப் பார்த்து. ஒரே பருமனில் இருந்த குச்சிகளை எடுத்துவிட்டு, மரக்கிளையில் வெட்டிய மெலிந்ததும் தடித்ததுமான குச்சிகளை வீட்டுக்காரர் மாட்டினார். அதற்காக அவருக்குப் பறவைமேல் பாசம் பொங்கிவிட்டது என்று சொல்ல முடியாது. யந்திரத்தின் இரைச்சல் ஒரே சீராக ஓடுகிறதாம். இதுகள் விட்டு விட்டுக் கத்துகின்றனவாம். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படுக்கிறார். நடுவில் எழுந்து தண்ணீர் குடிக்க வந்தால், “இதுக்கு வாயில பிரேக்கே இல்லையா?” என்று முனகிவிட்டுப் போகிறார். அக்கா பதில் சொல்வதும் உண்டு, சொல்லாததும் உண்டு.

அவர் படுக்கப் போன பிறகு, காலைப் பாடத்துக்குக் கிளம்புமுன் அக்காவுக்குக் கொஞ்ச நேரம் மிஞ்சும். இன்றும் தேநீரை ஆற்றிக்கொண்டு வந்தார். ஹாரன் குச்சியில் விறைத்து நின்று, தொண்டைக் கோடுகள் துடிக்கப் பாடிக்கொண்டிருந்தது. சாம்பல் குளியல் தட்டில் இறங்கி இறகை உதறி, ஜன்னல் கண்ணாடியெல்லாம் தண்ணீர்ப் பொட்டு வைத்தது. உட்கார்ந்து பார்க்க வேண்டும்போல் இருந்தது அக்காவுக்கு. தேநீரை ஜன்னல் திண்டில் வைத்தார். சாப்பாட்டு மேஜையடியில் இருந்த நாற்காலியை ஒரு கையால் பிடித்தார். அதைத் தூக்கவில்லை. கால்கள் கிறீச்சிட, தரை முழுவதும் இழுத்துக்கொண்டே போய், கூண்டுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.